காலை இழுப்பதும் காலை வாருவதும்

ஆங்கிலத்தில் பாதமும் காலும் வரும் மரபுத்தொடர்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், 'பாதம் குளிர்ந்துபோவது' என்றால் கடைசி நேரத்தில் துணிவு விட்டுப் பின்வாங்குவது என்று விளக்கியது சரி. ஜெர்மன்காரர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். நமக்குக் கால் குளிராது, நடுங்கும். கொழும்பு வெக்கையில் குளிர எங்கே போவது! நம்மிடம் இருப்பது காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பதுதான், ஆனால் அது அவசரத்துக்கு.

'பாதத்தை ஊன்றுவது' என்பதை 'உறுதியாக மறுப்பது' என்று மட்டும் எழுதிவிட்டீர்கள். ஒற்றைக்காலில் நிற்பதை ஏன் விட்டீர்கள்? என்ன, நம்முடையதில் பிடிவாதத்தின் வாடை கொஞ்சம் கூட.

காலை இழுப்பதுதான் பெரிய வில்லங்கம். ஆங்கிலத்தில் அது ஒருவரைச் சும்மா பகிடி பண்ணுவது. சிங்களத்தில் 'ககுலென் அதினவா' என்றால் முன்னேறுகிறவனைப் பின்னுக்கு இழுப்பது. கிட்டத்தட்ட நம் காலை வாருவது. கொழும்பு வெள்ளவத்தையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "மேலாளர் உங்கள் காலை இழுக்கிறார்" என்று ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சிங்கள நண்பர் ஒருவரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். மனுசன் இரண்டு நாள் மேலாளருக்கு முகம் கொடுக்கவில்லை. அப்புறம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து விளக்கினேன்.

ஸ்பானிய மொழியில் இப்படிச் சொதப்புவதை, விலங்கின் காலை உள்ளே விடுவது என்பார்கள். அதையும் சேர்த்திருக்கலாம்.