வால்பாறைக்கு பேட்டரி காரில்: ஒரு நல்ல எர்த் போதும்

பிப்ரவரி கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வால்பாறை போய் வந்தோம். பேட்டரி காரில். கிளம்புவதற்கு முதல் நாள் வரை சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக போன் பண்ணி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நடுக்காட்டுல சார்ஜ் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர்களுக்குச் சொன்ன கணக்கையே இங்கேயும் சொல்கிறேன். எங்களுடையது 40 யூனிட் பேட்டரி. வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு செக்போஸ்டில் 79 இருந்தது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறையில் நிற்கும்போது 54. அவ்வளவுதான். மலையேற்றம் 25 சதவீதம் தின்றுவிட்டது, அதே தூரம் சமதளமாக இருந்தால் 13 தான் ஆகியிருக்கும். ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் டன் வருகிற வண்டியை முக்கால் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏட்டுக்கணக்குப்படி மூன்றரை யூனிட் வேண்டும். வழியில் ஏறி இறங்குவதும் மோட்டாரில் வீணாவதும் சேர்ந்தால் ஐந்தை ஒட்டி வரும். கூடுதலாகத் தின்ற 12 சதவீதமும் 40 யூனிட்டில் அதே ஐந்துதான். இதில் பயப்பட எதுவும் இல்லை.

பேட்டரி காரை ஊருக்குள் ஓட்டுவதற்கான வண்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதன் அருமை மலைப்பாதையில்தான் தெரியும் என்பேன். பொள்ளாச்சி பக்கம் எஸ்டேட் லாரி ஓட்டியவர் அப்பா. கியர் மாற்றாமல், இன்ஜின் உறுமாமல் ஒரு வண்டி வளைவில் ஏறுவதை அவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தோம். அட்டகட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சீகாரப் பூங்குருவி விசில் அடித்தது, பள்ளிக்கூடத்துப் பையன் பாட்டை மறந்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது போல விட்டு விட்டு. அம்மா அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டது அன்றுதான்.

சத்தமில்லாத வண்டிக்கு ஒரு பொறுப்பும் உண்டு. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் இறங்கி வருகின்றன. நாம் வருவது அவற்றுக்குக் கேட்காது. அங்கே 20க்கு மேல் போகாதீர்கள். முன்னால் தெரியாத வளைவில் பஸ்காரர் மாதிரி ஒரு ஹாரன் கொடுத்துவிடுங்கள்.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கியது ஒரு ஹோம்ஸ்டே. "15 ஆம்பியர் பிளக் இருக்குங்க, தாராளமாப் போட்டுக்கங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். சோலையாறு அணை வரை சுற்றிவிட்டு, 39 சதவீதத்தோடு இருட்டுகிற நேரத்தில் வந்து கேபிளைச் சொருகினேன். கேபிளோடு இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினேன், மறுபடியும் சிவப்பு. வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதே பிளக்குல கீசர் ஓடுதுங்களே" என்றார். கீசர் ஓடும். எர்த் என்பது கசிகிற மின்சாரம் நம்மேல் பாயாமல் மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, அது இல்லாவிட்டாலும் கீசர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கார் கேபிள் அப்படியில்லை. முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் மின்சாரத்தைத் திறக்கவே திறக்காது.

பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் பிளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எர்த் குழி எங்கிருக்குது?" என்று கேட்டுக்கொண்டே டார்ச்சோடு சமையலறைக்குப் பின்னால் போனார். தகரத் தாழ்வாரத்துக்கு அடியில், மழைத்தண்ணீர் விழாத மூலையில் இருந்தது குழி. மண் காய்ந்து வெடித்திருந்தது. குழாயில் கம்பி சேர்கிற நட்டு துருவேறிப் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. கத்தியால் சுரண்டி, இறுக்கி முறுக்கினார். இரண்டு கை கல்லுப்பு போட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். "அஞ்சு நிமிசம் ஊறட்டும் கண்ணு." அப்புறம் சொருகினேன். பச்சை.

அந்தப் பச்சை விளக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எத்தனை காலமாக அந்த கீசரில் எர்த் இல்லாமல் குழந்தைகள் குளித்திருப்பார்கள்? கார் வந்ததால்தானே தெரிந்தது.

மலைக்கு பேட்டரி கார்கள் வரவேண்டும் என்றால் உடனே எல்லோரும் பெரிய சார்ஜர் கேட்கிறோம், அரை மணியில் ஏற்றுகிற 60 கிலோவாட் மெஷின். அது பொள்ளாச்சியில் இருக்கட்டும், நெடுஞ்சாலையில் இருக்கட்டும். மலையில் நாம் அவசரமாகவா போகிறோம்? ராத்திரி தங்கப் போகிறோம், வண்டி 12 மணி நேரம் சும்மா நிற்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் சொச்சம் ஏறும். எனக்கு வேண்டியிருந்தது சுமார் 20 யூனிட், ஆறு மணி நேரத்தில் ஏறிவிட்டது. அந்த ஒரு 60 கிலோவாட் மெஷின் இழுக்கிற மின்சாரத்தில் 18 பிளக் ஒரே நேரத்தில் ஓடும், 18 வீட்டு வாசலில். மலைக்கு டிரான்ஸ்பார்மர் தூக்கிக்கொண்டு போகவேண்டிய பாடும் குறையும். யூனிட்டுக்கு 15 ரூபாய் வைத்துக் கொடுத்தாலும் நமக்கு 300 ரூபாய்தான், வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை.

அதனால் நான் கேட்பது இது. மலையில் தங்கும் விடுதிக்கோ ஹோம்ஸ்டேவுக்கோ சுற்றுலாத் துறை பதிவு கொடுக்கும்போது, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக்கும், சோதித்துப் பார்த்த எர்த்தும் இருந்தாக வேண்டும் என்று சொல்லட்டும். கார் இல்லாதவர்களுக்கும் அது நல்லது.

இறங்கும்போது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேலே 100 வரை ஏற்றாதீர்கள். நான் 85இல் நிறுத்திவிட்டேன். இறக்கத்தில் மோட்டார்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குள் போகவேண்டும். பேட்டரியில் இடமே இல்லையென்றால் அந்தப் பிடி கிடைக்காது, பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டே வரவேண்டும். "ஏறின கியர்லயே எறங்கோணும் கண்ணு" என்பது அப்பாவின் பாடம். இந்த வண்டியில் கியரே இல்லையே என்று அவருக்குக் கவலை. அட்டகட்டியில் கடம்பாறை ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தி விளக்கினேன். உள்ளே 400 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்வார்கள், தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றியது முழுவதும் திரும்பி வராது, ஒரு பங்குதான் வரும். நம் வண்டியும் அதைத்தான் செய்கிறது என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. அட்டகட்டியில் 78 இருந்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சி முனையில் நின்று வரையாடு பார்த்தோம், ஆழியாறு அணையைப் பார்த்தோம். கீழே செக்போஸ்டில் 80.

அங்கே இரண்டு வண்டிகள் ஓரங்கட்டி நின்றன, பிரேக் கருகிய வாடை. அப்பா இறங்கினார், லாரிக்காலத்துப் பழக்கப்படி புறங்கையை எங்கள் முன்சக்கரத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்தார். "சூடே இல்ல கண்ணு."

வால்பாறை, கோத்தகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று எங்கே தங்கியிருந்தாலும், அங்கே பச்சை விளக்கு எரிந்ததா என்று இதன் கீழே எழுதுங்கள். நான் ஊர்வாரியாகத் தொகுத்து வைக்கிறேன்.