பழி பேரன் மேல், தடை தாத்தா மேல்

"டார்வினின் நூலை வத்திக்கான் தடை செய்தது, 1996இல்தான் வேறு வழியில்லாமல் பரிணாமத்தை ஒப்புக்கொண்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பரிணாமத்தை விளக்கி 1859இல் வந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற அந்த நூல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைப் பட்டியலில் ஒருநாளும் ஏறவில்லை. ஏறியது அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வின் எழுதிய 'ஸூனோமியா' என்ற நூல். யாரோ பெயரைக் குழப்பியிருக்கிறார்கள் போல.

அதற்காகச் சபை கைதட்டி வரவேற்றது என்றும் சொல்ல முடியாது. பரிணாமமும் விசுவாசமும் ஒத்துப்போகும் என்று 1896இல் நூல் எழுதிய ஜான் ஸாம் என்ற அமெரிக்கக் குருவுக்கு எதிராக 1898இல் ரோமில் தீர்ப்பே எழுதினார்கள். வெளியே மட்டும் அறிவிக்கவில்லை. ஆனால் 1950லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் தன் சுற்றுமடலில், மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதிவிட்டார். 1996இல் இரண்டாம் ஜான் பால் சொன்னது அதற்கு அடுத்த படி: பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல.

அப்புறம், கிறிஸ்தவம் என்றால் வத்திக்கான் மட்டுமா? ஆங்கிலிக்கன் போதகர் சார்லஸ் கிங்ஸ்லி, நூல் வெளிவந்த மாதமே டார்வினுக்குக் கடிதம் எழுதினார். தாமாகவே வளர்ந்து மாறக்கூடிய சில ஆதி வடிவங்களைக் கடவுள் படைத்தார் என்று நம்புவதும், ஒவ்வொன்றையும் அவர் புதிதாகப் படைத்தார் என்று நம்புவதைப் போலவே உயர்ந்த எண்ணம்தான் என்பது அவர் கருத்து. டார்வின் அதைப் பெயர் சொல்லாமல் 1860இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். இப்போதும் அந்தப் பத்தி அங்கேதான் இருக்கிறது, கடைசி அத்தியாயத்தில்.