கேம் கம்பெனிக்காரர்களே, லோ செட்டிங் என்று எதற்கு ஒன்றை வைக்கிறீர்கள்?

புது கேம் ஓடவில்லை என்று புலம்பினால், "புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிடுங்க அண்ணே" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆபீஸில் கழித்துக்கட்டிய இரண்டாம் தலைமுறை ஐ5 பெட்டியை வாங்கி, கடலூரில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவன் ஏன் ஜிடி 1030 என்கிற சின்ன கார்டைப் போடுகிறான் தெரியுமா? அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஒயரே கிடையாது. 1030-க்கு 30 வாட் போதும், போர்டில் சொருகினால் ஓடும். இன்றைய கேம்கள் கேட்கிற கார்டை வாங்கினால் எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசசர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. யார் கொடுப்பது?

கார்டு மேல் எனக்குக் கோபமே இல்லை. 2017-இல் வந்த அடிமட்டக் கார்டு, 2 ஜிபி மெமரி. அல்ட்ராவில் ஓடு என்று நான் கேட்கவில்லை. 720 ரெசல்யூஷனில், லோவில், நொடிக்கு 30 பிரேம் வந்தால் போதும். 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 இதே கார்டில் நன்றாக ஓடுகிறது. நிழலைக் குறைத்தால் பிரேம் ஏறும், புல்லைக் குறைத்தால் இன்னும் ஏறும். இப்போது வருகிறவற்றில் எல்லாவற்றையும் அடியோடு இறக்கினாலும் நாலைந்து பிரேம்தான் கூடுகிறது. முகங்கள் மட்டும் சேறு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன.

கார்டின் 2 ஜிபி நிரம்பியதும், பொருள்கள் மேல் ஒட்டுகிற படங்களான டெக்ஸ்சர் எல்லாம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகிறது. இந்தக் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போய்வர இருப்பதே நாலு லேன். என் பழைய போர்டில் அந்த வழியே நொடிக்குச் சுமார் 2 ஜிபிதான் வரும். கார்டின் சொந்த மெமரியிலிருந்தோ நொடிக்கு 48 ஜிபி வரும். கேமராவைத் திருப்பினால் படம் அப்படியே நிற்கிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. சுட்டது யார் என்று பார்ப்பதற்குள் செத்துப்போகிறோம். (2018-இல் டிடிஆர்4 மெமரியோடு இதே பெயரில் இன்னொரு 1030 வந்தது. அதில் அந்த 48-உம் 17-க்குக் கீழே. அதை வாங்கியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.)

2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் (வெளிச்சம் போகிற வழியைக் கணக்குப் போட்டுக் காட்டுவது) வசதியுள்ள கார்டு கட்டாயம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டது. சரி, வாங்கவில்லை, முடிந்தது. 2 ஜிபி கார்டு போதும் என்று எழுதிவைத்து விற்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நம்பிக் காசு கட்டி, விடிய விடிய இறக்கினால், முதலில் ஷேடர் கம்பைல் என்று, படம் வரைகிற புரோகிராம்களை நம் கார்டுக்கேற்ப மாற்ற உட்கார்ந்துகொள்கிறது. கத்திரி வெயிலில், திருப்பாதிரிப்புலியூர் மாடி அறையில், பிராசசர் நூறு சதவீதத்தில் கொதிக்க, ஃபேன் அலற, கோடு நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும் என்பது, கேம் விற்கிற ஸ்டீம் கடையின் விதி. இந்தக் காத்திருப்பும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது! இது அநியாயம் இல்லையா?

லோவில் எவ்வளவு மெமரி தின்னும் என்று வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க ஒரு பெஞ்ச்மார்க்கை இலவசமாகக் கொடுங்கள். பிளாக் மித் வூகாங் 2024-இல் கொடுத்தது, மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் 2025-இல் கொடுத்தது. அவர்களால் முடியும்போது மற்றவர்களுக்கு மட்டும் என்ன கேடு?