பெரியப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு மின்சார பைக் பந்தலில் நான் சத்தம் போட்டதைப் பற்றி மூன்று நாளாக எதுவும் எழுதாமல்தான் இருந்தேன். வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்று ஒரு தம்பி, "நம்ம ஊர்த் தயாரிப்பை நாமே கேவலப்படுத்தலாமா அக்கா" என்று என்னை டேக் செய்து கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த வீடியோவில் நான் சத்தம் போடும் கடைசிப் பத்து விநாடி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை.

தமிழ்நாட்டிலேயே செய்த மின்சார பைக் என்று பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பெயரை எழுத மாட்டேன். பெரியப்பாவும் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஜெர்கின் போட்ட டூரிஸ்ட் பசங்க நாலு பேர் ஓட்டிவிட்டு வந்தார்கள். தன் முறை வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இதுல கியர் இல்லையே, இறக்கத்துல வண்டியை எது பிடிக்கும்?" அந்தப் பையன் பெரியப்பாவின் மண் ஒட்டிய செருப்பைப் பார்த்தான். "ஐயா, இது உங்களுக்கு செட் ஆகாது, யூத் ஓட்டுற வண்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அதன் பிறகுதான் நான் சத்தம் போட்டேன். இன்றைக்கு நடந்தாலும் போடுவேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா கொடைக்கானலில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மொபெட்டில் பூம்பாறை கிராமத்துக்கு இறங்குவார். மூட்டை முன்னால், நான் பின்னால். பாதி இறக்கத்தில் ஓடைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும்" என்பார். பிரேக் டிரம் பக்கத்தில் கை வைத்தால் அடுப்புப் பக்கம் வைத்த மாதிரி இருக்கும். அது வண்டியின் குறை இல்லை. பாரத்தோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்த வண்டிக்கும் அதுதான் நடக்கும். இங்கே வண்டி ஓட்டும் எல்லோருக்கும் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயம். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினை வைத்தே பிடித்துக்கொண்டு வருவோம். கியரே இல்லாத வண்டியில் என்ன செய்வது? நாற்பது வருஷம் மலையில் வண்டி ஓட்டியவர் கேட்ட கேள்வி அது.

பதில் அந்தக் கம்பெனியிடமே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே டைனமோ மாதிரி மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பெரியப்பாவின் முகம் மலர்ந்திருக்கும். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருக்கிறேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால் எனக்கு அதுதான் நடக்கும். கொஞ்சம் குறைவாக சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாமா? சமவெளியில் இருப்பவனுக்கு இது தேவையில்லாத பேச்சு. எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று லேசு. கீழே காட்டும் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைப் பெட்ரோல் எஞ்சின் இங்கே இழந்துவிடும். மின்சார மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, அதே பலத்தோடு இழுக்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்றால், வத்தலக்குண்டிலிருந்து 1,800 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு மட்டுமே ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். வழியில் வீணாவதெல்லாம் தனி. அப்படியானால் ஒரு சார்ஜில் மேலே வந்து சேர எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பந்தலில் எழுதி ஒட்டியிருக்கலாமே. எனக்குத் தெரிந்து பெரிய பிராண்ட் எதுவும் எங்களுக்காக இந்தக் கணக்கைப் போட்டதில்லை. உள்ளூர்க் கம்பெனி போட்டிருந்தால் அது ஒன்றே போதும், வேறு விளம்பரம் வேண்டாம். ஆனால் பந்தலில் என்ன இருந்தது? பனிமூட்டத்தில் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் நிற்கும் படம்.

"சின்ன கம்பெனி அக்கா, பெரிய பிராண்டோட மோதுறாங்க, கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்கிறீர்கள். எந்தப் பெரிய பிராண்ட்? இன்றைக்குப் பெருமையாக ஓட்டும் ராயல் என்ஃபீல்டு புல்லட் யாருடைய வண்டி? 1950களில் ராணுவம் எல்லை ரோந்துக்காக 800 வண்டி கேட்டது. 1955இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் செய்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே வண்டி நிற்கவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூட்டை ஏற்றலாம். பால்காரரும் பூண்டுக்காரரும் "எங்களுக்காகச் செய்த வண்டி" என்று எடுத்துக்கொண்டார்கள். பெரியதாக இருக்கும் இந்த இரண்டுமே நம் ஊரில் செய்த வண்டிகள்தான். இது உனக்கு செட் ஆகாது என்று மண் ஒட்டிய செருப்பைப் பார்த்துச் சொல்லி அவை வளரவில்லை.

மலையில் பூண்டு பயிரிடுகிறவர் இந்த விலைக்கு வண்டி வாங்குவாரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பூண்டு விதைக்கும் உரத்துக்கும் ஒரு போகத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியுமா? வடுகபட்டி பூண்டுச் சந்தையில் விலை விழுந்தால் அத்தனையும் போகும் என்று தெரிந்தும் போடுகிறவர்கள் நாங்கள். எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதைப் பற்றிப் பேசும்போது விவசாயி தெய்வம். பைக் பந்தலில் நின்றால் மட்டும் அவர் வழியை மறிக்கிறவரா?

அந்தப் பையன் சம்பளத்துக்கு நிற்பவன், அவனைத் திட்டியது தப்பு என்று சொன்னால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தராமல் மலைக்கு அனுப்பியவர்களைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் விளம்பரப் படம் எடுக்க எங்கள் வளைவுகளுக்குத்தான் வருகிறார்கள். எங்கள் மூடுபனி வேண்டும், எங்கள் பைன் மரம் வேண்டும். படம் எடுத்து முடித்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். வண்டி நின்றுபோனால் பார்ட்ஸுக்கு நாங்கள் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். அந்த வீடியோவின் பின்னணியில் மலை அழகாக இருக்கிறது என்றுகூட ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அந்த மலையில் ஆட்கள் குடியிருக்கிறோம். பெரிய பிராண்டுக்கு நாங்கள் கண்ணில் படவில்லை என்றால்கூட மனதை ஆற்றிக்கொள்ளலாம். நம் ஊர் வண்டி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் அப்படியே செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பெரியப்பாவுக்கு என்மேல்தான் கோபம். "நீ கத்தாம இருந்தா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திருப்பேன்" என்றார். நேற்றும் கேட்டார், அதற்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று. இறக்கத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வியைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். இரண்டு நாளாகிவிட்டது, பதில் இல்லை.

கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பூம்பாறைக்குக் கொண்டு வாருங்கள். வழி நான் காட்டுகிறேன், மூட்டையும் நான் தருகிறேன். பெரியப்பா ஓட்டட்டும்.