அஜினோமோட்டோ எலும்புத் தூளா? தடை செய்யப்பட்டதா?

"ஃப்ரைடு ரைஸ் கடைப் பக்கமே போகாதீங்க. அஜினோமோட்டோ எலும்புத் தூள், அரசே தடை பண்ணிட்டாங்க." சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, இந்தச் சுவைக்குக் காரணமான குளுட்டமேட் என்ற பொருளைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். இன்று கரும்புச் சாற்றுக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், மரவள்ளி மாவு இவற்றை நுண்ணுயிரிகளால் நொதிக்கவைத்து அஜினோமோட்டோவைத் தயாரிக்கிறார்கள். மரவள்ளியில் செய்யும் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய சேலத்துக்காரர்கள் மரவள்ளியைக் கண்டு மிரளலாமா! இதிலுள்ள குளுட்டமேட் தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் இயல்பாகவே உண்டு.

தடையும் இல்லை. சில உணவு வகைகளில் சேர்க்கக் கூடாது, 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்பன போன்ற கட்டுப்பாடுகள்தான் இந்திய விதிகளில் உள்ளன.

பயத்தின் மூலம், 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதம். சீன உணவு சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று அதை எழுதிய மருத்துவரே, காரணம் சோயா சாஸாக இருக்கலாம், சமையல் ஒயினாக இருக்கலாம், அஜினோமோட்டோவாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம் என்றுதான் ஊகித்தார். பழி அஜினோமோட்டோவின் மேல் மட்டும் விழுந்தது. வெறும் வயிற்றில் அதிகமாக உட்கொண்ட சிலருக்குத் தற்காலிகத் தலைவலி வரலாம், அவ்வளவே.

தள்ளுவண்டியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோறு எப்போது வடித்தது? வெளியிலேயே வெகுநேரம் கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா நச்சை உண்டாக்கிவிட்டால், வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் அது போகாது.