ஓடுதளம் நீண்டுபோச்சு, விமானத்தைத்தான் காணோம்

ராத்திரி ரெண்டே முக்கால் மணி. தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் ரெண்டு பையோடு நான், அழுது முகம் வீங்கிய என் வீட்டுக்காரி, நின்றுகொண்டே தூங்கும் மகன். ஆப்பில் போட்ட மூணாவது காரும் "4 நிமிடம்" என்று காட்டி, "3 நிமிடம்" என்று காட்டி, சத்தமில்லாமல் கேன்சல் ஆனது. துறைமுகம் போற கன்டெய்னர் லாரிகள் மட்டும் வரிசையா போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு ஆட்டோ நின்றது. "ஏர்போர்ட்டா? காலியாத்தான் திரும்பி வர்ணும் சார். ஆயிர்ரூவா குடு, ஏறு." ஏறினோம். வேறென்ன செய்ய?

மனைவிக்கு ஊர் தூத்துக்குடி. அவளை வளர்த்த பெரியப்பா தவறிவிட்டார். போன் வந்தது ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு. அடக்கம் மறுநாள் காலை பத்தரைக்கு. எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்பி ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸுக்குப் போகலாம் என்றால் அது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அதைத் திறந்தார்கள். தென் மாவட்ட பஸ்ஸெல்லாம் அங்கே போயாச்சு. எங்களுக்குக் கோயம்பேடே தூரம்தான், ஆனால் அது ஊருக்குள் இருந்த தூரம். கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் மனுஷன் பாதி பயணம் முடித்த களைப்பில் விழுவான். அப்படியே போய் ஏறினாலும் மறுநாள் மதியம்தான் தூத்துக்குடி. ஆக, விமானம்.

ஆப்பைத் திறந்தேன். காலை விமானத்தில் மூணு சீட். ஒரு சீட் 13,400 ரூபாய். மூணு பேருக்கு 40,200. ஒன்றரை மணி நேரப் பயணம், அதுவும் உள்நாட்டுக்குள். இழவு வீட்டுக்குப் போறவன் பேரம் பேசமாட்டான் என்று அந்த ஆப்புக்கு நல்லா தெரியும்.

இதைச் சொன்னால் ஒருத்தர் தவறாமல் வந்து கேட்பார்: "மெட்ரோதான் இருக்கே, விம்கோ நகர்லேருந்து நேரா ஏர்போர்ட்டுக்கே ஓடுதே?" ஓடுகிறது சாமி. நானே எத்தனையோ தடவை போயிருக்கிறேன், நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வண்டி காலை அஞ்சு மணிக்கு. எங்கள் விமானம் ஆறேகாலுக்கு, கவுன்டர் மூடுவது அஞ்சேகாலுக்கு. முதல் மெட்ரோவில் உட்கார்ந்திருந்தால் வழியில் ஏதாவது ஸ்டேஷனில் இருக்கும்போதே கவுன்டரை மூடியிருப்பார்கள். விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருள் மணலி ஆலையிலிருந்து குழாயிலேயே மீனம்பாக்கம் போய்ச் சேர்கிறது. அதற்கு ராத்திரியும் கிடையாது, ஆட்டோவும் வேண்டாம். மணலிக் காற்றை மோந்துகொண்டு இருக்கிற நாங்கள்தான் ரெண்டே முக்காலுக்கு ரோட்டில் நிற்க வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தோம். "செயல்பாட்டுக் காரணங்களால்" விமானம் தாமதம் என்று அறிவிப்பு. அரை மணி என்றார்கள், ஒரு மணி என்றார்கள், பிறகு அறிவிப்பே நின்றுபோனது. கவுன்டரில் இருந்த பெண் "புரியுது சார், புரியுது சார்" என்று நாலு தடவை சொன்னாள். அவள் என்ன செய்வாள் பாவம். அந்த நேரத்தில் தூத்துக்குடிக்கு வேறு கம்பெனி விமானம் ஒன்று இருந்திருந்தால் கடன் வாங்கியாவது மாறியிருப்பேன். இல்லையே! ஒம்பதே முக்காலுக்குத்தான் பஸ்ஸில் ஏற்றி, விமானங்கள் நிற்கிற இடத்தின் கடைசியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே நின்றது விசிறி வைத்த சின்ன விமானம், ஏ.டி.ஆர். பின்வாசல் வழியாக ஏறி, குனிந்து நடந்து, தலைக்கு மேலே பை நுழையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு சீட் காலி இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் இதற்கு வருகிறேன்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் இறங்கியபோது மணி பதினொன்றேகால். மனைவி படி இறங்கும்போதே தம்பிக்கு போன் போட்டாள். அவன் "அக்கா..." என்று மட்டும் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறேன். நாங்கள் அழுதுகொண்டு நடந்து வந்த அந்தக் கட்டடம் இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, அரண்மனை. 17,340 சதுர மீட்டர். சுமார் 450 கோடி ரூபாய்த் திட்டம். நெரிசல் நேரத்தில் 1,350 பேரைத் தாங்குமாம், வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வந்து போகலாமாம். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். பனிமய மாதா கோயில் கொடியேற்றமும் அதே தேதிதான். ஊரே திருவிழாவில் இருந்தது, எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கொடிமரப் படமும் கண்ணாடிக் கட்டடப் படமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. "இனிமே மும்பைக்கு நேரா போலாம், துபாய்க்கு நேரா போலாம்" என்று மச்சான் ஒரே குதி. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அன்று அந்த அரண்மனையில் எழுபத்திச் சொச்சம் பேர். பெட்டி வரும் பெல்ட்டில் பிளாஸ்டிக் கயிறு கட்டிய ஒரு டி.வி. அட்டைப்பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது, எடுக்க ஆளில்லை. தரை அப்படிப் பளபளத்தது. என் மகன் அதில் சறுக்கி விளையாடினான், எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

எத்தனை வருஷமாக ஒரே பாட்டு தெரியுமா? "ஓடுதளம் 1,350 மீட்டர்தான், சின்ன விமானம் மட்டும்தான் இறங்கும். நீட்டிட்டா ஏர்பஸ் வரும், போயிங் வரும், புது கம்பெனியெல்லாம் வரிசையில வரும்." நம்பினோம். இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். பழசைவிட ரெண்டு மடங்குக்கு மேல் நீளம். ஏர்பஸ் ஏ320 தாராளமாக இறங்கலாம். நாங்கள் போன அன்று அந்த நீளத்தில் ஓடியதும் அதே ஏ.டி.ஆர்.தான். கால்வாசி நீளத்தில் நின்றுவிட்டு, மிச்சத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு திரும்பியது.

நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். விமானம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கப்பல் தெரியும் எனக்கு. கப்பல் லைனை, அதாவது கப்பல் கம்பெனியை, துறைமுகம் எப்படிப் பிடிக்கும் என்று தெரியும். கப்பல் வந்து நிற்கிற பெர்த்தை ஆழப்படுத்திவிட்டு "ஆழமாயிருக்கு, வாங்க" என்று கரையில் நின்றால் மதர் வெசல் என்கிற பெரிய கப்பல் வராது. எங்கள் தொழிலில் சின்னப் பையனுக்கும் இது தெரியும். சரக்கு எவ்வளவு என்று கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு லைன்காரன் ஆபீஸுக்கே போக வேண்டும். முதல் வருஷம் கட்டணத்தில் தள்ளுபடி, வந்த உடனே பெர்த், இத்தனை பெட்டிக்கு மேல் கொண்டுவந்தால் இன்னும் தள்ளுபடி என்று பேச வேண்டும். பேசாத துறைமுகத்துக்கு, பெரிய கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கிற சின்னக் கப்பலான ஃபீடர்தான் கதி. தூத்துக்குடிச் சரக்கு எத்தனை வருஷமாக ஃபீடரில் ஏறி, கொழும்பில் போய் மதர் வெசலுக்கு மாறுகிறது! ஆகாயத்திலும் அதே தலையெழுத்து. ஏ.டி.ஆர். என்பது வேறென்ன, றெக்கை முளைத்த ஃபீடர்.

அந்த ஃபீடரைக் கைவிட விமானக் கம்பெனிக்கு மனசு வராததற்குக் காரணம் இருக்கிறது. நம்மூரில் 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. ஏ.டி.ஆரில் 78 இருக்கை. எவ்வளவு அழகாக 80-ஐத் தொடாமல் நிற்கிறது பாருங்கள். அந்தச் சின்ன ரகத்துக்கு எரிபொருள் வரியிலும் சலுகை உண்டு. பெரிய ஏர்பஸ்ஸைக் கொண்டுவந்தால் தரையிறங்கக் காசு, தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு 29 சதவீத வாட் வரி, அதற்கு மேல் 180 சீட்டை நிரப்புகிற கவலை. 78 சீட்டை 13,400-க்கு விற்க முடிகிறபோது 180 சீட்டை 4,000-க்கு விற்க எவனுக்குப் பைத்தியம்? கணக்காக வியாபாரம் பண்ணுகிறவன் செய்வதைத்தான் செய்கிறான். அவன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட, இந்தக் கணக்கு தெரிந்தும் "ஓடுதளம் போட்டாச்சு" என்று மார் தட்டுகிறவர்கள் மேல்தான் அதிகம்.

இன்னொரு முடிச்சு நம்ம மீனம்பாக்கத்திலேயே இருக்கிறது. ரெண்டு ஓடுதளம் என்று பேர்தான், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகிறது, ரெண்டையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. காலை நேரத்து ஸ்லாட், அதாவது விமானம் ஏற இறங்க ஒதுக்குகிற நேரம், தங்கம் மாதிரி. டெல்லி போகிற ஏர்பஸ்ஸுக்கும் ஒரு ஸ்லாட், தூத்துக்குடி போகிற 78 சீட்டுக்கும் ஒரு ஸ்லாட். புதுசாக வருகிற கம்பெனி அந்த ஸ்லாட்டை எதற்குச் செலவழிப்பான்? பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் சரியாகும் என்கிறார்கள். பரந்தூர்! காஞ்சிபுரம் பக்கம். 2022-இல் இடத்தை அறிவித்தார்கள், அங்கே இருக்கிற ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து நிலத்தைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். வந்தாலும் தண்டையார்பேட்டைக்காரன் அங்கே போக எத்தனை மணிக்கு ரோட்டில் நிற்க வேண்டும் என்று யோசித்தேன், யோசிப்பதையே நிறுத்திவிட்டேன்.

சலுகை கொடுத்தால் மட்டும் வந்து தங்கிவிடுவார்களா? அதுவும் இல்லை. சேலத்தைப் பாருங்கள். சின்ன ஊர்களுக்கு விமானம் விட மானியம் கொடுக்கிற உடான் திட்டத்தில் 2018-இல் ஒரு கம்பெனி வந்தது. 2021-இல் நின்றது. 2023 அக்டோபர் வரைக்கும் சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்தில் ஈ ஓட்டினார்கள். நாடு முழுக்க இதே கதை என்று தணிக்கைத் துறை 2023-இல் எழுதிவைத்தது: ஒதுக்கிய 774 வழித்தடத்தில் 403 தொடங்கவே இல்லை, மூணு வருஷ மானியம் முடிந்த பிறகும் தாக்குப்பிடித்தவை 54. மானியம் இருக்கும்வரை பறப்பது, முடிந்ததும் மூட்டை கட்டுவது. தூத்துக்குடியே பார்க்காததா? 2006-இல் ஏர் டெக்கான் வந்தபோது என் மாமனார் "இனி மெட்ராஸ் பக்கத்து வீடு மாதிரி" என்றார். அப்புறம் கிங்ஃபிஷர். கம்பெனி கம்பெனியாக வந்தது, கம்பெனி கம்பெனியாகப் போனது, மாமனாரும் போய்விட்டார்.

ஆனால் ஒன்று. சேலத்தைச் சொல்லி தூத்துக்குடியை யாரும் தள்ள வேண்டாம். "டிமாண்ட் இல்லப்பா" என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருத்தன் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்! அந்த ஏ.டி.ஆரில் ஒரு சீட் காலி இல்லை என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? வ.உ.சி. துறைமுகம் அங்கே. அனல்மின் நிலையம் அங்கே. வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறந்தது அங்கே. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். திருச்செந்தூருக்குப் போகிற கூட்டம் தனிக் கணக்கு. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் கன்னியாகுமரிக்கும் சொந்த விமான நிலையம் கிடையாது. அந்தச் சனமெல்லாம் இப்போது மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ஏறுகிறது. 13,400 கொடுக்க முடியாதவன் மதுரையில் இறங்கி டாக்ஸி பிடிக்கிறான், அவன் எந்தக் கணக்கில் வருவான்? மதுரை கணக்கில். தூத்துக்குடிப் பக்கம் "பயணிகள் குறைவு" என்று எழுதிவிடுவார்கள். கடையில் அரிசியை வைக்காமல் இந்தத் தெருவில் யாரும் சோறு தின்பதில்லை என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

யாராவது ஒருத்தர் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு புது கம்பெனிக்காரன் வாசலில் போய் உட்கார்ந்தாரா? வாட் வரியை ரெண்டு வருஷத்துக்காவது இறக்குகிறோம் என்று பேசினாரா? ராத்திரி விமானத்தை அங்கேயே நிறுத்து, நிறுத்தக் காசு வேண்டாம், விடியற்காலை முதல் விமானம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பட்டும், தாமதமாக வருகிற சென்னை விமானத்தை நம்பி இருக்க வேண்டாம் என்று கேட்டாரா? ரிப்பன் வெட்டுகிற அன்று மேடையில் இடம் பத்தவில்லை. அதற்கு மறுநாள் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு நாற்காலி போதும், அதில் உட்காரத்தான் ஆள் இல்லை.

அன்று கல்லறைக்குப் போனபோது மண் ஈரமாகவே இருந்தது. மாலையெல்லாம் அதற்குள் வெயிலில் வாட ஆரம்பித்திருந்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை. மச்சான்தான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தே முக்கா வரைக்கும் வச்சிருந்தோம் அத்தான், சாமியாருக்கு அடுத்த வீட்டுக்கும் போகணும்னாரு" என்றான். அவன் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேச வேண்டும்?

வர்ற மாதம் நினைவுத் திருப்பலி. நேற்று ராத்திரி மறுபடி ஆப்பைப் பார்த்தேன். மூணு வாரம் முன்னாடியே பார்த்தும் ஒரு சீட் 8,900. முத்துநகரில் மூணு ஸ்லீப்பர் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 61, 62, 63. எழும்பூருக்கு ஆட்டோ இருநூறுதான்.