அக்கா கையெழுத்து வேண்டாமா?

மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நான், அவள் அப்பா, அவள், பக்கத்தில் எங்கள் எல்லோரையும் விட உயரமாக ஒரு பையன். அவன் காலடியில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தாள். மிஸ் அதைச் சிவப்பு மையில் அடித்து 'கசின்' என்று திருத்தி அனுப்பிவிட்டார். அது சிவகாசியில் இருக்கும் என் அக்கா மகன். "அண்ணன் அண்ணன் இல்லையாம்மா?" என்று சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

மிஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் இதற்குத் திருத்தமே தேவையில்லை. அப்பாவோடு பிறந்தவள் அத்தை. அவள் மகன் முறைப்பையன், கேலி பேசலாம், கட்டியும் வைப்பார்கள். அம்மாவோடு பிறந்தவள் கதையே வேறு. அவள் பெரியம்மா, இல்லையென்றால் சித்தி. சித்தி என்றாலும் சின்னம்மாதான். ஆக மூன்று பேருமே அம்மா, மூப்பில்தான் வித்தியாசம். அவர்கள் பெற்றதெல்லாம் கூடப்பிறந்த கணக்கு. அக்கா தங்கையைச் சேர்த்தே பார்த்தது எனக்குத் தெரிந்து இந்த முறைப்பெயர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் எங்கள் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் மூன்று வயது இடைவெளி. கோவில்பட்டியில் ஓட்டு வீடு. தீபாவளிக்கு ஒரே தானில் கிழித்த துணியில் இரண்டு பேருக்கும் பாவாடை சட்டை தைப்பார்கள். என்னுடையது சின்னதாகும்போது அவளுடையது எனக்கு வரும். அதனால் ஒரே பூப்போட்ட டிசைனை நான் நான்கு வருடம் போட்டிருக்கிறேன். கடலை மிட்டாயை அவள்தான் கடித்துப் பங்கு வைப்பாள், பெரிய பாதி அவள் வாய்க்குள் நின்றுவிடும். தண்ணீர் லாரி வரும் நாளில் முதல் குடத்தை யார் வைப்பது என்பதில் மயிர்பிடிச் சண்டை. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும்.

ஆறாமல் கிடந்தது ஒப்பிட்டுப் பேசியது. அக்கா நிறம், நான் கறுப்பு. நான் நன்றாகப் படிப்பேன், அவள் சுமார். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார்கள், ஏதோ பாராட்டு மாதிரி. அவள் பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க்கை எனக்கு எச்சரிக்கையாகச் சொன்னார்கள். நான் மூன்று வருடம் கழித்து எடுத்ததை அவளுக்குக் குத்திக்காட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் நாங்கள் சாப்பாடு, சோப்பு, சீப்பு தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

கோபம் வந்தால் பாட்டி எங்களை 'மூதேவி' என்பாள். மூதேவி யார்? சீதேவிக்கு அக்கா. திருக்குறளில் அவள் பெயர் 'தவ்வை', அந்தச் சொல்லுக்கே அக்கா என்றுதான் பொருள். பல்லவர் காலத்தில் சிலை வைத்துக் கும்பிட்ட தெய்வம். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை எடுத்து, நல்லதையெல்லாம் இளையவள் தலையிலும் கெட்டதையெல்லாம் மூத்தவள் தலையிலும் கட்டிவிட்டு, கடைசியில் அக்காவை வசைச்சொல்லாக்கி விட்டோம். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது, பாவம். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

2010ல் அக்காவுக்குக் கல்யாணம். 2012ல் மகன் பிறந்தான். நான் அப்போது பெங்களூரில் முதல் வேலையில் இருந்தேன். போனில் "போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்பு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை போய், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிட்டேன். அவள் ஒரு மாதிரி இருந்தாள். தூக்கம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எப்படி இருந்தாள் என்பது எனக்கு 2018ல்தான் தெரிந்தது, என் பிரசவத்தின்போது. அம்மாவுக்கு முட்டி வலி, குந்தி உட்கார முடியாது. அக்கா சிவகாசியில் வேலை பார்க்கும் இடத்தில் 22 நாள் சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். காலையில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் துணியில் சுற்றி என் கையில் தருவாள். பூண்டை உரித்து உரித்து அவள் விரல் நுனி எரியும். பால் சுறா எங்கே கிடைக்கும் என்று அத்தானை மார்க்கெட் மார்க்கெட்டாக விரட்டினாள்.

எனக்குப் பால் சரியாக வரவில்லை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம், ஆளாளுக்கு ஒரு குற்றச்சாட்டு. ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும், பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்று அக்காவிடம் சொல்லி அழுதேன். சொன்னதும் பயந்துவிட்டேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒரு மாசம் அப்படித்தான் இருந்துச்சுட்டி. யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கும். உன்கிட்ட சொல்லலாம்னு அந்த சனிக்கிழமை பூரா காத்திருந்தேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நான் அவள் பிள்ளையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. மறுநாள் அவளே கூட வந்து டாக்டரிடம் என்னை உட்கார வைத்து, நான் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

எனக்கு அப்போது 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2017ல் சட்டம் திருத்தியதால் வந்தது, அதற்கு முன்னால் 12 வாரம்தான். நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டில் தூங்காமல் கிடந்த இன்னொரு அம்மாவுக்கு எந்த நோட்டிலும் பெயர் இல்லை. பிரசவம் பார்க்க வருகிற அக்கா தங்கைகள் எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்! அதை ஒரு ஆள் வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை.

சட்டம் என்றதும் அம்மா கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மாவுக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டு ஊர். இரண்டு தம்பிகள், கடைசியாக ஒரு தங்கை, என் சித்தி. அம்மாவுக்கு 1986ல் கல்யாணம், சித்திக்கு 1991ல். இடையில் 1989 மார்ச் 25 என்று ஒரு தேதி இருக்கிறது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு. நாட்டுக்கே 2005ல்தான் வந்த உரிமையை நாம் பதினாறு வருடம் முன்னாடியே கொடுத்தோம் என்று பெருமையாகப் பேசுவோம். அந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் பங்கு கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை.

1996ல் தாத்தா எட்டு ஏக்கரைப் பாகம் பிரித்தார். சித்தியை வரச்சொல்லி, என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள், வழக்கமான ஒன்றுதானே என்று. சித்தி பேனாவை வாங்கிக்கொண்டு, "அக்கா கையெழுத்து வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாள். பத்திரம் எழுதுகிறவர், "அவங்களுக்குப் பங்கே இல்லம்மா, உங்களுக்குத்தான் இருக்கு" என்று வாயை விட்டுவிட்டார். சித்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பிரிந்தது இரண்டு ஏக்கர். மாமாக்கள் ஐந்து வருடம் அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை, பொங்கல் சீர் நின்றது. சித்தி அலட்டிக்கொள்ளவில்லை. அதில் ஒரு ஏக்கர் அக்காளுடையது என்றாள். எழுதித் தருகிறேன் என்றபோது அம்மாதான், பத்திரச் செலவுக்கு எங்கே போவாய் என்று மறுத்துவிட்டாள். பின்னால் 2005ல் மத்திய சட்டம் வந்து கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற அந்தக் கோட்டை அழித்தது. ஆனால் ஏற்கெனவே முறையாகப் பாகம் பிரித்த சொத்தை அது தொடாது. அம்மாவுக்குப் பயனில்லை.

பங்குனி பிறந்தால் மிளகாய் வற்றல் மூட்டை கோவில்பட்டிக்கு வந்து இறங்கிவிடும், மகசூலில் சரிபாதி. இந்த வருடம் மழை தப்பி ஒன்றரை மூட்டைதான் வந்தது. அக்கா சிவகாசியிலிருந்தும் நான் சென்னையிலிருந்தும் போயிருந்தோம். அண்ணனும் தங்கையும் மூட்டை மேல் ஏறிக் குதித்துத் தும்மிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு வற்றலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இத்தனை வயசாகியும் காம்பு கிள்ளி அனுப்பத் தெரியல பாரு இவளுக்கு" என்று சித்தியைத் திட்ட ஆரம்பித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் சித்தி, "வேணும்னா நீயே கிள்ளிக்கோ, பாதி உன் காடுதானே" என்றாள்.